ஒற்றை விசில்

விழுப்புரம்,
15.6.2025

அன்புள்ள புனிதா அக்காவுக்கு,

உன் தம்பி குமரேசன் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீ, மாமா, கவிதா எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டிவலி குறைந்ததா?

என்னடா இவன் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை விட்டுவிட்டேன் அக்கா. ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குப் போன் எதற்கு என்று ஒருநாள் தோன்றியது, விற்றுத் தொலைத்தேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு, "குமரேசனப் பாத்துக் கத்துக்கினு நடங்கடா" என்றார். ஆகவே இனி எதுவானாலும் எழுது. தபாலில் போடு.

முக்கியமான சேதி இதுதான். கம்பெனி மின்சார பஸ் வாங்குகிறது. ஆயுத பூஜை அன்று பூஜை போட்டு ரோட்டில் இறக்குகிறார்கள். அதை யார் ஓட்டுவது என்று பெரிய போட்டியே நடந்தது. கடைசியில் எனக்குத்தான்! உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு.

இப்போதைக்குப் பழைய டீசல் வண்டிதான். ஜனங்கள் இன்னும் 'பாட்டு பஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பாட்டில்தான் சாரமே இல்லை. பென்டிரைவில் ஏற்றித் தருகிறவன் என்ன செய்கிறானோ, பழைய பாட்டில்கூடப் புல்லாங்குழலைக் காணோம். மேளம் மட்டும் திம் திம் என்று வருகிறது. இதைக் கேட்க என் தலைக்கு மேலே இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று கோபிக்காதே. வேலை விடமாட்டேன் என்கிறது. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
குமரேசன்


திண்டிவனம்,
23.6.2025

அன்புத் தம்பி குமரேசனுக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க மாடிப்படி ஏறும்போதெல்லாம் உன்னைவிட நன்றாகப் பாடுகிறது.

மின்சார பஸ் சேதி கேட்டு மாமா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் போனை விற்ற கதை எனக்கு ஒட்டவில்லை. கல்யாணமும் இல்லை, குடும்பமும் இல்லை என்று பேசியே பொழுதைப் போக்குகிற ஆள் நீ. நீ பேசாமல் இருக்கிறாய் என்றால் நான் எதை நம்புவது?

கவிதா காலேஜுக்கு உன் பஸ்ஸில்தான் வருகிறாள் என்பதை மறந்துவிட்டாயா? போன வாரம் முண்டியம்பாக்கத்தில் ஒரு அம்மா இறங்க வேண்டுமென்று கண்டக்டர் விருத்தாசலம் ஒற்றை விசில் கொடுத்தாராம். நீ நிறுத்தாமல் பெட்ரோல் பங்க் வரை போய்விட்டாயாம். இன்னொரு நாள் இவள் பின்னாலிருந்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டும் நீ திரும்பவில்லை. "மாமாவுக்கு எம்மேல கோவமாம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

அப்புறம் அந்தப் புல்லாங்குழல். விருத்தாசலத்திடம் உன் பென்டிரைவை வாங்கிக் கவிதா காப்பி எடுத்து வந்தாள். நேற்றுக் கேட்டேன். புல்லாங்குழல் இருக்கிறதடா. நன்றாகவே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு.

அக்கா,
புனிதா


விழுப்புரம்,
12.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. புது பஸ் ஓட்டப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

கவிதாவிடம் சொல், மாமாவுக்கு அவள்மேல் கோபமே வராது என்று. பஸ்ஸில் அன்றைக்கு ஒரே கூச்சல், கேட்கவில்லை. முண்டியம்பாக்கம் விஷயத்தில் தப்பு விருத்தாசலத்தினுடையது. அவன் விசில் பழசு, உள்ளே இருக்கிற மணி தேய்ந்துபோய்விட்டது. இப்போது அதையெல்லாம் சரி செய்துவிட்டோம். விசிலை விட்டுவிட்டு, அவன் கையால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டுகிறான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் ரைட். சத்தம் நேரே முதுகில் வந்து ஏறுகிறது. இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

மின்சார பஸ் ஒரு அதிசயம் அக்கா. கியர் கிடையாது, குலுக்கல் கிடையாது. சாவி போட்டால் போட்டதே தெரியவில்லை. டீசல் வண்டி என்றால் காலிலும் தொடையிலும் அதிர்ந்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இது ஒன்றுமே சொல்லமாட்டேன் என்கிறது. ஒருதரம் நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்; பார்த்தால் நகர்ந்துகொண்டிருக்கிறது. சொல்லிக்கொடுக்கிற ஆள் பதறிப்போய் என் தோளைப் பிடித்தார். ஆளை இறக்க ஏற்ற பஸர் வைத்திருக்கிறார்கள், கீச்சென்று கேட்குமாம். போகப் போகப் பழகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
குமரேசன்


திண்டிவனம்,
19.7.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாமாவும் கவிதாவும் நலம். நான் நலமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

சுற்றி வளைக்கப் போவதில்லை. உனக்குக் காது கேட்கவில்லை. உண்மையா, இல்லையா?

நேற்று வகுப்பில் ஒலி பாடம். போனில் ஒரு ஆப் போட்டு, கீழ்ச் சுருதியிலிருந்து மேலே மேலே ஏற்றிக் காட்டினேன். கேட்கிறவரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். எனக்குக் கேட்பது நின்ற பிறகும் பிள்ளைகள் கையைத் தூக்கியபடி என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. என் வயதுக்கு அது சகஜம். ஆனால் விசில் அதற்கெல்லாம் ரொம்பக் கீழே இருக்கிறதடா. அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

காதுக்குள்ளே மெல்லிய மயிர்போலச் செல்கள் இருக்கின்றன. வருஷக்கணக்காகத் தலைக்கு மேலே ஸ்பீக்கர், பக்கத்தில் ஏர் ஹாரன், காலடியில் இன்ஜின் என்றிருந்தால் அவை பட்டுப்போகும். போனது முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற சத்தமெல்லாம்: விசில், புல்லாங்குழல், போனில் வரும் பெண்பிள்ளைக் குரல். மேளமும் தகரத்தில் தட்டுவதும் கடைசிவரை கேட்கும். இப்போது உன் இரண்டு கடிதத்தையும் நீயே யோசித்துப் பார். போனை விற்றது, ஞாயிற்றுக்கிழமை வராமல் இருப்பது, எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

உன் மானத்தைவிட அந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள் பெரிசு. அதில் என் மகளும் ஒருத்தி. விடுப்பு எடுத்து வா, காது டாக்டரிடம் போவோம். யாருக்கும் சொல்லமாட்டேன்.

கண்ணீரோடு,
அக்கா


விழுப்புரம்,
21.8.2025

அக்காவுக்கு,

நலம். என் காது நன்றாக இருக்கிறது. டீச்சர் புத்தி உன்னை விட்டுப் போகாது. வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்லை. ஆயுத பூஜை நெருங்கும் நேரத்தில் இந்தப் பேச்சு முதலாளி காதுக்குப் போனால் என் பிழைப்பு போய்விடும். எனக்கு வேறு என்ன தெரியும்? இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

குமரேசன்


திண்டிவனம்,
31.8.2025

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று சனிக்கிழமை. காலையில் உன் பஸ்ஸில் வந்தேன். உனக்குத் தெரியாது. முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பி.டி. மாஸ்டரிடம் வாங்கிய விசில் என் பையில் இருந்தது. அவர் எதற்கு என்று கேட்டார். வகுப்புக்கு என்று பொய் சொன்னேன்.

விருத்தாசலம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் விசிலை எடுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் டீச்சர்... நான் பாத்துக்கினு இருக்கேன். அவனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உனக்காக அவர் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது, பார்த்தாயா?

ஜக்காம்பேட்டை தாண்டியதும் பாட்டை நிறுத்தி வேறு பென்டிரைவ் போட்டாய். அந்த இடைவெளியில் ஊதினேன். மூச்சைப் பிடித்து ஒற்றை விசில். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பினார். குழந்தைகள் திரும்பினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து திரும்பினான். மறுபடி ஊதினேன். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது, உன்னைத் தவிர. நீ பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய். உன் பிடரியைப் பார்த்தபடியே அழுதேன்.

விருத்தாசலம் தகரத்தில் தட்டின பிறகுதான் வண்டி நின்றது. கூட்டேரிப்பட்டுக்கு முன்னாடியே இறங்கிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

புனிதா


விழுப்புரம்,
7.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என் பஸ்ஸில் வந்துவிட்டு முகம் காட்டாமல் போய்விட்டாயே. விருத்தாசலம் சொன்னான். அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சரி, ஒத்துக்கொள்கிறேன். விசில் கேட்டு ரொம்ப நாளாகிறது. போனில் நீ பேசினால் உன் குரல் வரும், சொல் வராது. உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், எதற்கு என்று தெரியாமல். அது பெரிய வேதனை அக்கா. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளை நிறுத்தினேன்.

ஆனால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் நான் முழு ஆள். ரோடு தெரிகிறது, கண்ணாடி தெரிகிறது, விருத்தாசலம் தட்டுவது தெரிகிறது. தப்பு நடக்காது. ஆயுத பூஜை வரை பொறு. ஒரே ஒரு தடவை அந்தப் புது பஸ்ஸைத் திண்டிவனத்துக்கு ஓட்டி வந்துவிடுகிறேன். அதற்கப்புறம் நீ சொல்கிற டாக்டரிடம் வருகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மாமாவுக்கும் கவிதாவுக்கும் என் அன்பு.

தம்பி,
குமரேசன்


திண்டிவனம்,
22.9.2025

குமரேசனுக்கு,

நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுதவில்லை. கவிதா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்; அவள் சொல்லித்தான் தெரியும்.

நீ ரோட்டை மட்டும் பார்க்கிறவன். பின்னால் நடந்ததை நான் சொல்கிறேன், கேள். போன வாரம் கூட்டேரிப்பட்டில் ஒரு கிழவி, திருவக்கரைக் கோயிலுக்குப் போகிறவள், பின்படியில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள். விருத்தாசலம் கீழே நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மேலே டாப்பில் ஒருத்தர் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டையைத் தொம் என்று போட்டார். அடுத்ததையும் தொம் என்று போட்டார். இரண்டு தட்டு. நீ வண்டியை எடுத்துவிட்டாய்!

"விசில் அடிச்சிக்கினே கூட ஓடி வந்தாரும்மா. எல்லாரும் கத்துறோம். மாமா நிறுத்தவே இல்ல" என்று சொல்லிக் கவிதா அழுகிறாள். கிழவியை வளைத்துப் பிடித்துக்கொண்டே அவர் விழுந்தார். கிழவிக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. சக்கரத்துக்கும் அவருக்கும் ஒரு முழம்தான் இருந்ததாம்.

அதோடு முடியவில்லை. முதலாளி கேட்டபோது, "நான்தாங்க ஆள் இறங்குறதுக்குள்ள அவசரப்பட்டு ரைட் குடுத்துட்டேன்" என்று விருத்தாசலம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். நீ பக்கத்தில் நின்றாயாம். வாய் திறக்கவில்லையாம்.

முதலாளி போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் பேசப் போவதில்லை. நீயே பேசு. உன்னைத் தூக்கி வளர்த்தவள் சொல்கிறேன், ஆயுத பூஜைக்கு முன்னால் நீ பேசவில்லையென்றால் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் இல்லை.

புனிதா


திண்டிவனம்,
28.9.2025

குமரேசா,

பதில் இல்லை. கவிதாவை நான் இப்போது ரயிலில் அனுப்புகிறேன். பஸ்ஸில் இப்போது யார் தட்டுகிறார்கள்? யாருக்குத் தெரியும் எதற்காகத் தட்ட வேண்டும் என்று? ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


விழுப்புரம்,
2.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுதக் கை வரவில்லை. நேற்று பூஜை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, ஆள் உயர மாலை போட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. முதலாளி தாம்பாளத்தில் சாவியை வைத்து நீட்டினார். எடுத்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தேன். சாவி போட்டேன். எதுவும் அதிரவில்லை. கண்ணாடியில் பின்படியைப் பார்த்தேன். அங்கே புதுக் கண்டக்டர் பையன் பளபளவென்று விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் ஊதியிருக்க வேண்டும், கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மேளம் மட்டும்தான் கேட்டது.

அவன் இடத்தில் விருத்தாசலம் தெரிந்தான் அக்கா. விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தவன். அன்றைக்குக் கீழே கிடந்தபடி அவன் முதலில் என்னிடம் சொன்னது, "நீ பேசாத, நான் பாத்துக்கிறேன்" என்றுதான். அவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் பேசாமல் இருந்தேன்.

இறங்கினேன். சாவியைத் தாம்பாளத்திலேயே வைத்தேன். "மொதலாளி, எனக்கு விசில் கேக்காதுங்க. அன்னைக்கி விருத்தாசலம் ரைட்டே குடுக்கல. மேல மூட்ட வுழுந்த சத்தத்த ரைட்டுன்னு நெனச்சிக்கினு நான்தான் வண்டிய எடுத்தேன். அவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னான்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், மேளக்காரரே நிறுத்திவிட்டார்.

முதலாளி கோபமாக என்னென்னவோ பேசினார். சுற்றி நின்றவர்களும் பேசினார்கள். பாதிக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காது கேட்காதது நல்லதாகப் போயிற்று. நேராக விருத்தாசலம் வீட்டுக்குப் போய் அவன் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பேஜாரு பண்ணாதடா, வலிக்குது" என்றான்.

வேலை இல்லை. ஆனால் தூங்கினேன். நீ சொன்ன டாக்டரிடம் எப்போது போகலாம்?

உன் தம்பி,
குமரேசன்


திண்டிவனம்,
6.10.2025

என் தங்கத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் கழுவவில்லை; அப்படியே வகுப்புக்குப் போனேன்.

வியாழக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், மெஷின் வைத்தால் பேச்சு புரியும் என்கிறார். புது பஸ்ஸை ஓட்ட முடியவில்லையே என்று உனக்குள் எரியும், எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. என்னிடம் இருப்பது சோறும் குழம்பும்தான். வா.

அக்கா,
புனிதா


விழுப்புரம்,
7.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீயும் மாமாவும் கவிதாவும் சுகம்தானே? நான் சுகம். மெஷின் பழகிவிட்டது. டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தத்தைக்கூடக் கேட்டேன். புல்லாங்குழல்தான் இன்னும் வரவில்லை. டாக்டர், அது வராது என்று சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இப்போதும்தான்.

முதலாளி கோபம் தணிந்து விருத்தாசலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவன் கால் தேறும்வரை அவன் இடத்தில் நான் போகிறேன். நான் முதலில் கண்டக்டராக வந்தவன்தானே, லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே பாட்டு பஸ்ஸில் இப்போது பின்படியில் நிற்கிறேன். பாட்டையும் பாதியாகக் குறைத்தாயிற்று. ஸ்டியரிங் பக்கம் பார்த்தால் மனது அடித்துக்கொள்கிறது. அதனால் படியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கழுத்தில் விருத்தாசலத்தின் விசில். மணி ஒன்றும் தேயவில்லை அக்கா, நல்ல விசில்தான். நேற்று கூட்டேரிப்பட்டில் ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையோடு இறங்க வேண்டியிருந்தது. மூச்சைப் பிடித்து ஒற்றை விசில் கொடுத்தேன். எனக்குக் காற்றுப் போகிற சத்தம் மட்டும்தான். கேட்டதோ இல்லையோ என்று தகரத்தைத் தட்டக் கையை ஓங்கினேன். பஸ் நின்றது. அந்த அம்மா இறங்கி, பிள்ளையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, ரோட்டைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கவிதாவை என் எதிரே உட்காரச் சொல்.

உன் தம்பி,
குமரேசன்